மேஸ்திரிக்கு வயது எழுபத்தைந்து

குழாய் மேஸ்திரியின் வயிற்றுக்குள்ளே பெரிய குழாய் வெடித்தபோது, அவர் அடுத்த வீட்டுச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு வேறொரு குழாயைத் திட்டிக்கொண்டிருந்தார். குடிநீர் வாரியத்திலிருந்து ஓய்வு பெற்று எவ்வளவோ காலம் ஆகியும், தெருவில் எங்கே சொட்டினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் வீட்டுக் குளியலறைக் குழாய் மட்டும் கல்யாணமான நாளிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கிறது. அதைப் பற்றி அவர் மனைவியிடம் கேட்டுவிடாதீர்கள், பொழுது போய்விடும்.

அந்த மனைவியைத் தெருவில் எல்லோரும் ஹலோ அம்மா என்பார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். எக்ஸ்சேஞ்சை மூடி, கட்டடத்தையும் இடித்து, அங்கே வண்டி நிறுத்த இடம் விட்டாகிவிட்டது. அவள் குரல் மட்டும் இன்னும் வெளியூர் இணைப்பில்தான் பேசும். "உங்க வீட்டுக்காரர் எந்திரிக்க மாட்டேங்கிறாரு" என்று அடுத்த வீட்டுக்காரி கத்தியதும் ஓடிப்போய்க் குனிந்து பார்த்தாள். ஸ்பானரைப் பிடித்த கை பிடித்தபடியே, வேர்த்துக் கொட்டி, வெளுத்துப்போய்க் கிடந்தார் மேஸ்திரி.

"முதுகு பிடிச்சுக்கிச்சு," என்றார். "லேசாத்தான்."

இந்த மனுஷனின் 'லேசாத்தான்' எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். ஒரு தடவை கட்டைவிரல் நகம் முழுசாகக் கழன்று வந்தபோதும் லேசாத்தான் என்றவர். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். அவள் போட்ட சத்தத்துக்கு போனே தேவைப்பட்டிருக்காது.

ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனதும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவசரப் பிரிவுக்கு வெளியே நீளமான நடைவழி. சுவரோரம் ஒரே கம்பியில் கோர்த்த பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒருவர் உட்கார்ந்தால் வரிசையே ஆடும். கைகழுவும் தொட்டிக்கு மேலே கையை எப்படிக் கழுவவேண்டும் என்று படம் போட்டு ஒட்டியிருந்தார்கள். கழுவத்தான் குழாயில் தண்ணீர் வரவில்லை. அவர் பார்த்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டே அதை இன்னொரு தடவை திருகிப் பார்த்தாள்.

ஸ்கேன் முடிந்து ஒரு இளம் டாக்டர் வெளியே வந்தார். சட்டைப் பையில் நாலு கலரில் பேனா. முகத்தில் நேற்றுத்தான் மீசை முளைத்த மாதிரி ஒரு களை.

"அம்மா, இதயத்துலருந்து கீழ இறங்குற பெரிய ரத்தக்குழாய், வயித்துக்குள்ள ஒரு இடத்துல வீங்கியிருந்திருக்கு. இப்ப அது வெடிச்சிருச்சு."

"மெயின் லைனா?"

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "ஆமா. மெயின் லைன்தான்."

"அடைச்சிட்டீங்களா?"

"உள்ள போய்த்தான் அடைக்கணும், ஆபரேஷன் பண்ணி. இப்போதைக்கு சுத்தி இருக்கிற சதை அமுக்கிப் பிடிச்சிக்கிட்டிருக்கு. அது எவ்வளவு நேரம் தாங்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. தியேட்டரைத் தயார் பண்றாங்க, ரத்தம் வந்துக்கிட்டிருக்கு. அதுக்குள்ள நான் புள்ளி போட்டு முடிச்சிடணும்."

"என்ன புள்ளி?"

இங்கேதான் அந்த டாக்டருக்கு முகம் மலர்ந்தது. தனக்குத் தெரிந்த கேள்வி வந்த பிள்ளைக்கு மலருமே, அந்த மலர்ச்சி. "ஆள் பிழைப்பாரா மாட்டாரான்னு முன்கூட்டியே சொல்றதுக்கு எங்க பெரிய டாக்டரம்மா ஒரு கணக்கு வச்சிருக்காங்க. நாலு கேள்வி. ஒண்ணொண்ணுக்கும் ஒரு புள்ளி. ரத்த அழுத்தம் ஒரு தடவையாவது எழுபதுக்குக் கீழ போச்சா? போச்சு, ஆம்புலன்ஸ்லயே. ஒண்ணு. சிறுநீரகம் திணறுதா? திணறுது. ரெண்டு. ரத்தத்துல அமிலம் ஏறிடுச்சா? ஏறிடுச்சு. மூணு."

"ரத்தம் புளிச்சுப்போச்சா!"

"அப்படியும் சொல்லலாம். நாலாவது கேள்வி, வயசு எழுபத்தாறைத் தாண்டிடுச்சா? கார்டுல எழுபத்தஞ்சுன்னு இருக்கு. அதனால அதுக்குப் புள்ளி இல்ல. ஆக மொத்தம் நாலுக்கு மூணு."

ஹலோ அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாலுக்கு மூணு என்றால் நூற்றுக்கு எழுபத்தைந்து. அவள் எந்தப் பரீட்சையிலும் அவ்வளவு வாங்கியதில்லை. "பரவாயில்லையே!" என்றாள். "இந்த நிலைமையிலயும் மூணு வாங்கிட்டாரே!"

புள்ளி டாக்டரின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். "அம்மா... இதுல கம்மியாத்தான் வாங்கணும்."

"அப்புறம் எதுக்கு அதைப் புள்ளின்னு சொல்றீங்க? தப்புன்னு சொல்ல வேண்டியதுதானே?"

டாக்டர் கீழே பார்த்துக்கொண்டே மீதியைச் சொன்னார். "மூணு வாங்கினவங்கள்ல கொஞ்சம் பேர் பிழைச்சிருக்காங்க. அதனால மூணு வரைக்கும் நாங்க திறப்போம். நாலு வாங்கின ஒருத்தர்கூட வீடு திரும்பினதில்ல. அதனால நாலு வந்துட்டா மேடம் கத்தியைத் தொடமாட்டாங்க. வலி தெரியாம மருந்து கொடுத்து, சொந்தக்காரங்களைப் பக்கத்துல உக்கார வச்சிடுவோம்."

நாற்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்த ஆள், கடைசியில் ஒரே ஒரு புள்ளியில் தொங்கிக்கொண்டிருக்கிறார். இன்னும் ஒன்றரை வருஷம் முன்னாடியே பிறந்திருந்தால் கதை முடிந்தது. நல்லவேளை, அவசரப்பட்டுப் பிறக்காமல் இருந்தாரே என்று ஹலோ அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல், கைகழுவும் படத்தைப் பார்த்தே கும்பிட்டுவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் நடைவழியின் அந்தக் கோடியில் டக், டக் என்று கைத்தடிச் சத்தம் கேட்டது. மேஸ்திரியின் அக்கா வந்துவிட்டார்.

இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாகவேண்டும். எடை அளவு ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரில் இவருக்குத் தராசு அக்கா என்று பெயர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு தட்டும் சமமாக நிற்கிற மாப்பிள்ளை கிடைக்கவில்லை என்று மேஸ்திரி கிண்டல் செய்வார். இவர் தெருவில் இறங்கி நடந்தால் கடைக்காரர்கள் எடைக்கற்களைத் துடைத்து வைப்பார்கள். "சுமாரா ஒரு கிலோ இருக்கும்மா" என்று சொன்ன ஒரு வியாபாரியை, அந்தச் சுமாராவுக்காகவே கடையை மூட வைத்தவர். அன்றிலிருந்து அவர் முன்னால் சுமாரா என்ற வார்த்தையை யாரும் எடுப்பதில்லை. ஹலோ அம்மாகூட, நாத்தனார் வீட்டுக்கு வருகிற நாளில் சர்க்கரையை டம்ளரில் அளந்துதான் போடுவாள்.

புள்ளி டாக்டர் பாவம், கடமை தவறாதவர். வந்தவர் நோயாளியின் கூடப்பிறந்தவர் என்று தெரிந்ததும், ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொள்வோமே என்று வாயைக் கொடுத்தார்.

"உங்க தம்பிக்கு எழுபத்தஞ்சு வயசுதானேம்மா?"

"எழுபத்தேழு," என்றார் தராசு அக்கா.

டாக்டர் பையிலிருந்த பேனாக்களில் எந்தக் கலரை எடுப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார்.

"என்னக்கா சொல்றீங்க?" என்றாள் ஹலோ அம்மா.

"உள்ளதைச் சொல்றேன். அவன் பிறக்கும்போது எனக்கு நாலு வயசு. எனக்கு இப்ப எண்பத்தொண்ணு. அவனுக்கு எழுபத்தேழு. ஸ்கூல்ல லேட்டாச் சேர்த்ததால எங்கப்பா ரெண்டு வருஷத்தைக் கழிச்சிட்டாரு. அந்த ரெண்டு வருஷத்தை வச்சு அவன் உத்தியோகத்துலயும் ரெண்டு வருஷம் கூட இருந்தான். எனக்கு அது உறுத்திக்கிட்டேதான் இருந்துச்சு."

"நாற்பத்தெட்டு வருஷமா ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ கேட்கலையே. யாராவது கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். இந்தத் தம்பிதான் முதமுதல்ல கேட்டாரு." என்று டாக்டரைப் பாராட்டுகிற மாதிரி பார்த்தார். "மருந்தெல்லாம் வயசைப் பார்த்துத்தானே கொடுப்பாங்க? தப்பான வயசுக்குத் தப்பான மருந்து போயிடக் கூடாதில்ல?"

இப்போது ஹலோ அம்மாவுக்குள் இரண்டு லைன் ஒரே நேரத்தில் அடித்தது. ஒன்றில் புருஷன் செத்துக்கொண்டிருந்தார். இன்னொன்றில் புருஷன் பொய் சொல்லிக்கொண்டிருந்தார்.

பொய் சின்னப் பொய் இல்லை. அவளுடைய அப்பா அவள் அம்மாவைவிட இருபது வருஷம் மூத்தவர். சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். மிச்ச வாழ்க்கை முழுக்க அம்மா ஒற்றைத் தட்டை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துச் சாப்பிட்டதைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவள் அவள். அதனால் எக்ஸ்சேஞ்சில் ஒழுகுகிற தொட்டியைச் சரிபண்ண வந்த குழாய்க்காரன், ஒரே ஒரு வாஷரை மாற்றுவதற்காக வாரா வாரம் வந்து நின்று, கடைசியில் கல்யாணத்தைப் பற்றிப் பேசியபோது, அவள் ஒன்றுதான் கேட்டாள். "உங்க வயசு என்ன? ஏழு வருஷத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா எனக்கு வேண்டாம்." அவளுக்கு அப்போது இருபத்தொன்று. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு "இருபத்தேழு" என்றார். கூச்சத்தில் யோசிக்கிறார் என்று அவள் நினைத்திருந்தாள். அது கழித்தல் கணக்கு என்று இப்போதுதான் தெரிகிறது.

பிறந்தநாள் வந்தால் எங்கேயாவது குழாய் உடைந்துவிட்டது என்று கிளம்பிப் போய்விடுவாரே, அது எதற்கென்றும் இப்போதுதான் தெரிகிறது. ஊரில் இத்தனை குழாய் உடைகிறதே என்று அவள் வாரியத்தைத் திட்டியிருக்கிறாள். வாரியத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

"படுபாவி மனுஷா!" என்று மூடிய கதவைப் பார்த்துக் கத்தினாள். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ எதையோ கீழே போட்டார்கள்.

"அப்போ நாலு," என்றார் புள்ளி டாக்டர் மெதுவாக. அவர் குரலே ஆட்டம் கண்டிருந்தது. "நாலுக்கு நாலு."

"நாலுன்னா என்ன?" என்று தராசு அக்கா கேட்டார். டாக்டர் சொன்னார். திறக்கமாட்டார்கள் என்றும், மருந்து கொடுத்துப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள் என்றும் சொன்னார். கேட்கக் கேட்க அந்த அம்மாளின் முகம் சுண்டிப்போனது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வரிசை முழுவதும் ஆடியது.

ஹலோ அம்மா அவர் காலடியில் குந்தினாள். "அக்கா, நல்லா யோசிச்சுப் பாருங்க. உங்களுக்கே எழுபத்தொன்பதா இருக்கலாம்ல?"

"எனக்கா?"

"ரெண்டு வருஷத்தை உங்க கணக்குலயும் கழிச்சிட்டா அவருக்குத் தானா எழுபத்தஞ்சு வந்துடும்ல?"

"என் வயசுல நான் கை வைக்கிறதா?" கைத்தடி தரையில் தட்டியது. "என்ன பேச்சுப் பேசறே நீ? நான் எத்தனை பேரைக் கோர்ட்ல ஏத்தியிருக்கேன் தெரியுமா?"

"அப்போ நாலு வயசுல நீங்க பார்த்தது வேற குழந்தையா இருக்கலாம்."

"நான் தூக்கிக் கீழ போட்ட குழந்தைடி அவன்! இன்னிக்கும் அவன் புருவத்துல தழும்பு இருக்கு. பக்கத்து வீட்டுக் குழந்தையையா போட்டேன்?"

இதையெல்லாம் புள்ளி டாக்டர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வயிற்றுக்குள் ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கிற ஒருவருக்கு வெளியே இப்படி ஒரு வயசுப் பஞ்சாயத்து நடக்கும் என்று அவர் படித்த எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை.

ஹலோ அம்மாவுக்குக் குரல் உடைந்தது. இத்தனை நேரம் வெளியூருக்குக் கேட்கிற மாதிரி பேசியவள், இப்போது பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காத மாதிரி பேசினாள். "எனக்கு அவர் வேணும்க்கா. எதுக்கு எங்கிட்ட பொய் சொன்னீங்கன்னு அவரை நான் ஒரு வார்த்தை கேட்கணும். செத்துப்போயிட்டா யாரைக் கேட்கிறது? ஒரே ஒரு தடவை, ஆயுசுக்கும் ஒரே ஒரு தடவை, எடையைக் குறைச்சுப் போடுங்கக்கா."

தராசு அக்காவின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. மனசுக்குள் கூட்டிக் கழித்தாரோ, அழுதாரோ தெரியாது.

கதவு திறந்தது. பெரிய டாக்டரம்மா பச்சை உடுப்பில், தலையில் தொப்பியோடு வந்து நின்றார். மூக்குக்கு மேலே கோபம். "தியேட்டர் ரெடி. எத்தனை புள்ளி?"

"அது வந்து, மேடம்..." என்றார் புள்ளி டாக்டர்.

"மத்த மூணும் தெரியும். வயசு என்ன? அதை மட்டும் சொல்லுங்க."

புள்ளி டாக்டர் வாயைத் திறந்தார். உண்மை சொல்வதற்காகவே பிறந்த வாய் அது, பார்த்தாலே தெரிந்தது. ஹலோ அம்மா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

"சுமாரா," என்றது ஒரு குரல்.

தராசு அக்கா எழுந்து நின்றிருந்தார். "சுமாரா... எழுபத்தஞ்சு இருக்கும்."

ஹலோ அம்மா கண்ணைத் திறந்து பார்த்தாள். அந்த வார்த்தை அந்த வாயிலிருந்துதான் வந்தது என்பதை அவளால் நம்ப முடியவில்லை. பெரிய டாக்டரம்மா இளைய டாக்டரைப் பார்த்தார். இளைய டாக்டர் தராசு அக்காவைப் பார்த்தார், பிறகு தன் செருப்பைப் பார்த்தார்.

"கார்டுலயும் எழுபத்தஞ்சுன்னுதான் மேடம் இருக்கு," என்றார். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

"அப்போ மூணு. வாங்க, போலாம்."

கதவு மூடிக்கொண்டது. தராசு அக்கா அப்படியே உட்கார்ந்தார். "பொய் சொல்லிட்டேன்," என்றார். "அரசாங்க சம்பளம் வாங்கின நாக்கு இது. பொய் சொல்லிட்டேன்." ஹலோ அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் தொட்டுக்கொண்டது அதுதான் முதல் தடவை.

மதியம் போய், வெயில் தணிந்த பிறகுதான் பெரிய டாக்டரம்மா வெளியே வந்தார். முகமூடி அழுத்திய கோடு கன்னத்தில் அப்படியே இருந்தது. "அடைச்சாச்சு. வெடிச்ச இடத்துல துணியில நெய்த புதுக் குழாயை வச்சுத் தைச்சிருக்கோம். இனிமே சிறுநீரகம் வேலை செய்யணும், நினைவு திரும்பணும். இப்போதைக்கு உயிர் இருக்கு."

தராசு அக்கா உடனே வாயைத் திறந்தார். "டாக்டர், நான் ஒரு உண்மையைச் சொல்லணும்..."

ஹலோ அம்மா அவரை இழுத்துக்கொண்டு நடைவழியின் மூலைக்கே போய்விட்டாள். "இப்ப வேண்டாம்! நாலு புள்ளின்னு தெரிஞ்சா மறுபடியும் திறந்து பழைய குழாயையே வச்சிடப் போறாங்க!"

"அப்படியெல்லாம் செய்வாங்களா?"

"கணக்குல இவ்வளவு கறாரா இருக்கிறவங்க எதையும் செய்வாங்க. உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

இதில் இருந்த நியாயம் தராசு அக்காவுக்கே பிடிபட்டது. வாயை மூடிக்கொண்டார். ஆனால் வாயை மூடிய பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே, கூட்டுக்குள் அடைத்த கோழி மாதிரி உட்கார்ந்திருந்தார். பெரிய டாக்டரம்மா கடந்துபோகும்போதெல்லாம் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேஸ்திரி படுத்திருந்தார். வாயில் ஒரு குழாய், மூக்கில் ஒரு குழாய், கழுத்தில் ஒன்று, கையில் இரண்டு, கட்டிலுக்குக் கீழே ஒரு பை. ஆயுள் முழுக்க ஊருக்குக் குழாய் போட்டவருக்கு ஊரே சேர்ந்து திருப்பிப் போட்ட மாதிரி இருந்தது. கட்டிலுக்குக் கீழே இருந்த பைதான் காலியாக இருந்தது. சிறுநீர் வரவில்லை. வரவில்லை என்றால் கஷ்டம் என்று சொல்லிவிட்டார்கள். ஹலோ அம்மா கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு அந்தப் பையையே பார்த்தாள். வீட்டுக் குளியலறையில் இத்தனை வருஷம் சொட்டியதற்கு அவரை எப்படியெல்லாம் திட்டியிருப்பாள்! இங்கே ஒரு சொட்டு விழாதா என்று ஏங்கிக்கொண்டு நின்றாள்.

மறுநாள் அவள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்து நின்றிருந்தபோது குழாயில் ஏதோ பளபளத்தது. ஒரு சொட்டு இறங்கியது. பிறகு இன்னொன்று.

"தண்ணி வந்துருச்சு!" என்று கத்தினாள். "அக்கா, லைன்ல தண்ணி வந்துருச்சு!"

நர்ஸ் ஓடி வந்து சத்தம் போடக்கூடாது என்றாள். யாரென்றே தெரியாத ஒரு நோயாளியின் மாமனார் எழுந்து வந்து ஹலோ அம்மாவுக்குக் கைகொடுத்து வாழ்த்தினார். பேரக்குழந்தை பிறந்திருக்கிறது என்று நினைத்திருக்கிறார். அவள் திருத்தவில்லை. நன்றி சொன்னாள்.

அன்றைக்குத் தராசு அக்காவைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. பெரிய டாக்டரம்மாவும் புள்ளி டாக்டரும் சுற்றி வந்தபோது குறுக்கே போய் நின்றார். "அவனுக்கு வயசு எழுபத்தேழு. நான் பொய் சொன்னேன். என்ன தண்டனையோ கொடுங்க."

பெரிய டாக்டரம்மா இளையவர் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம்," என்றார் அவர். அவரும் ராத்திரி தூங்கியிருக்கவில்லை போலிருந்தது.

இப்போது வெடிக்கப் போகிறது என்று ஹலோ அம்மா பயந்தாள். மேஸ்திரி படுத்திருந்த அறையின் கதவுக்கும் டாக்டரம்மாவுக்கும் நடுவில் போய், கையை விரித்துக்கொண்டு நின்றாள். யாராவது புதுக் குழாயைக் கழற்ற வந்தால் முதலில் அவளைக் கழற்ற வேண்டும்.

பெரிய டாக்டரம்மா கத்தவில்லை. பக்கத்தில் இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். வரிசை ஆடி நின்றது.

"நாலு புள்ளிக்காரர் பிழைச்சிருக்காரு," என்றார், தனக்குள்ளேயே சொல்லிக்கொள்கிற மாதிரி. "ஆரம்பத்துல நாலு வந்தவங்க சில பேரைத் திறந்தோம். பிழைக்கல. அதனால திறக்கிறதை நிறுத்தினோம். அதுக்கப்புறம் நாலு வந்தவங்க ஒருத்தர்கூடப் பிழைக்கல. பார்த்தீங்களா, கணக்கு எவ்வளவு சரியா இருக்குன்னு நானே மேடை ஏறிச் சொன்னேன். திறக்காம எப்படிப் பிழைப்பாங்க?"

அவர் கையை விரித்து, தன் விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை பேரை நினைத்தாரோ. ஹலோ அம்மாவுக்கு அந்த அம்மாள் மேல் முதல் தடவையாக இரக்கம் வந்தது. விரித்த கையை மடக்கிக்கொண்டாள்.

"வயசைத் திருத்துங்க," என்று இளையவரிடம் சொல்லிவிட்டு டாக்டரம்மா எழுந்தார். "எழுபத்தேழு. நாலு புள்ளி. உயிரோட இருக்காரு. அப்படியே எழுதுங்க." பிறகு தராசு அக்காவைப் பார்த்து, "தண்டனை எனக்குத்தான்மா," என்றார்.

வாய்க் குழாயை எடுத்த பிறகு மேஸ்திரி கண் விழித்தார். கண்ணை உருட்டிக் கூரையைப் பார்த்தார். குழாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏதோ ஒரு இணைப்பு அவருக்குத் திருப்தி இல்லாத மாதிரி நெற்றியைச் சுருக்கினார். கட்டிலைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். மூளைக்கு ரத்தம் போகாமல் கிடந்த மனுஷன், நினைவு சரியாக இருக்குமா என்று பார்க்கவேண்டும். புள்ளி டாக்டர் பேனாவோடு குனிந்தார்.

"ஐயா, இது என்ன இடம்?"

"ஆஸ்பத்திரி," என்றார் மேஸ்திரி. குரல் துருப்பிடித்திருந்தது.

"இவங்க யாரு?"

"ஹலோ."

"உங்க வயசு என்ன?"

மேஸ்திரி மனைவியைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார்.

"எழுபத்தஞ்சு."

புள்ளி டாக்டரின் முகம் தொங்கிப்போனது. "வயசு தப்பாச் சொல்றாரு மேடம். நினைவு தடுமாறுது. தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துடலாமா?"

ஹலோ அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை. கன்னத்தைப் புறங்கையால் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். "ஒண்ணும் எடுக்க வேண்டாம் டாக்டர். மூளை கலங்கியிருந்தா உண்மையைச் சொல்லியிருப்பாரு. நாற்பத்தெட்டு வருஷமா சொன்ன பொய்யை ஒரு வருஷம்கூடப் பிசகாம சொல்றாரு பாருங்க. எங்காளுக்கு ஒரு குறையும் இல்ல."

மேஸ்திரியின் கண் மெல்லத் திரும்பித் தன் அக்காவிடம் போனது. அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். மாட்டிக்கொண்டோம் என்று மேஸ்திரிக்குப் புரிந்துவிட்டது. தப்பித்து ஓட ஊரில் எந்தக் குழாயும் உடையவில்லை.

"நீ ஏழுன்னு சொன்னே," என்றார் மனைவியிடம். ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. "எட்டு இருந்துச்சு."

அதை, இதை என்று கேட்க வேண்டியதையெல்லாம் அவள் நடைவழியில் உட்கார்ந்து உருப்போட்டு வைத்திருந்தாள். ஒன்றுகூட இப்போது வாயில் வரவில்லை. அவர் புருவத்துத் தழும்பின் மேல் கட்டைவிரலை வைத்தாள்.

"நான் இப்ப எதை எழுதறது?" என்று புள்ளி டாக்டர் திணறினார். பெரிய டாக்டரம்மா அவர் தோளில் கைவைத்து, சும்மா இருங்க என்று சைகை காட்டினார்.

"எழுபத்தஞ்சுதான்," என்றாள் ஹலோ அம்மா, புருஷனிடம் மட்டும். "இருந்துட்டுப் போகட்டும். ரெண்டு வருஷம் கழிச்சு, வீட்டுல, என் கண்ணு முன்னால எழுபத்தேழு ஆகுங்க. நான் பார்க்கணும். அதுவரைக்கும் எங்கேயும் குழாய் உடைஞ்சிருச்சுன்னு சொல்லிட்டுக் கிளம்பக் கூடாது. சரியா?"

"சரி," என்றார் மேஸ்திரி.

"சுமாராச் சொல்லாதடா," என்று ஜன்னல் பக்கமிருந்து அக்காவின் குரல் கேட்டது. "நிச்சயமாச் சொல்லு."

மேஸ்திரி குழாய் செருகிய கையைத் தூக்கி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நிச்சயமா," என்றார்.